தூக்குவது நீங்கள், தேற்றுவது நான்

(உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி நமது கூட்டமைப்பின் டிசம்பர் மாதக் கூட்டத்தில், மந்தைவெளியைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியது. படிப்பதற்கு வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, அவர் பேசிய விதத்திலேயே தந்திருக்கிறோம்.)



டிசம்பர் 3ஆம் தேதியை மாற்றுத்திறனாளிகள் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 1992இல் அறிவித்தது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதி வந்தால் எங்களைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, "தன்னம்பிக்கைக்கு எடுத்துக்காட்டு" என்று இரண்டு வார்த்தை சொல்வார்கள். சந்தோஷம்தான். ஆனால் இன்றைக்கு நான் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேச வரவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கால் இல்லாத, கை இல்லாத, கண் தெரியாத தாய்க்கும் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளைக்கு என்ன வழி என்பதை யாரும் மேடையில் பேசுவதில்லை. அதனால் நான் பேசுகிறேன்.

உங்களில் நிறையப் பேருக்கு என்னைத் தெரியும். ஒன்றரை வயதில் போலியோ வந்து இரண்டு காலும் பலம் போய்விட்டது. வெளியே வந்தால் காலிப்பர், இரண்டு கட்டை. வீட்டுக்குள் தரையில் நகர்ந்துதான் எல்லா வேலையும். பிளவுஸ் தைக்கிறேன். பெடல் மிதிக்க முடியாது என்பதால் குழுவில் உள்கடன் வாங்கித்தான் தையல் மெஷினுக்கு மோட்டார் பொருத்தினேன். அந்தக் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்தேன், தீர்மான நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு இப்போது 25 வயது, பையனுக்கு 21.

மூன்று கேள்விகள்

பிள்ளை பெற்ற நாளிலிருந்து ஜனங்கள் என்னிடம் மூன்று கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டுப் பந்தியில், எல்லா இடத்திலும். முதல் கேள்வி, "குழந்தைக்கும் இது வருமா?" இரண்டாவது கேள்வி, "உன்னாலயே நடக்க முடியல, இதுல பிள்ளை வேற எதுக்கு?" மூன்றாவது கேள்வி, "பிள்ளைங்கள யாரும்மா வளர்த்தாங்க?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். போலியோ ஒரு கிருமியால் வருகிற நோய். அசுத்தமான தண்ணீர், அசுத்தமான கை வழியாகக் குழந்தைகளுக்குப் பரவியது. அது சாபமும் இல்லை, போன ஜென்மத்துப் பாவமும் இல்லை, பரம்பரையாகவும் வராது. சொட்டு மருந்தால் அதை ஒழித்தோம். நம் நாட்டில் கடைசியாக இந்த நோய் வந்தது 2011 ஜனவரி 13ஆம் தேதி, மேற்கு வங்காளத்தில் ஹவுரா பக்கத்தில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச் 27ஆம் தேதி, இந்தியா போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆகவே எங்களைப் போலப் போலியோ வந்த தாய்மார்களில் பலர் இப்போது பாட்டியாகிவிட்டோம்.

அதனால் இந்தப் பிரச்சனை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரோட்டு விபத்தில் கால் போனவர்கள், முதுகுத் தண்டில் அடிபட்டவர்கள், பிறக்கும்போதே மூளை முடக்குவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர் மாற்றுத்திறனாளிகள் என்று கணக்கு வந்தது. இந்தியா முழுவதும் பெண்கள் மட்டுமே ஒரு கோடிக்கு மேல். இவர்களில் எத்தனையோ பேர் தாய்மார்கள். சில வகைக் குறைபாடுகள், உதாரணத்துக்குச் சில தசைநோய்கள், குடும்ப வழியில் வரலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு முடிவு எடுக்க வேண்டியவள் அந்தப் பெண்தான்.

இரண்டாவது கேள்விக்கு என் மாமியார் பதில் சொல்லிவிட்டார். நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. மாமியாரைப் பார்த்து, "இதை ஏன் வச்சுக்கிட்டு கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டார். மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர், பூ விற்றவர். "வயித்துல சுமக்கிறது அவ. அவளைக் கேளுங்க" என்றார். அவ்வளவுதான்.

இன்றைக்குச் சட்டமும் என் மாமியார் சொன்னதைத்தான் சொல்கிறது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 10ஆவது பிரிவு, பெண்ணுக்கு விளக்கிச் சொல்லி அவள் சம்மதம் வாங்காமல் பிள்ளை பிறக்காமல் போகும்படி எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது என்கிறது. அவள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைப்பது 92ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. மிகக் கடுமையான குறைபாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கிறது, அதற்கும் மருத்துவரின் கருத்தும் காப்பாளரின் சம்மதமும் வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு வலித்தது. என் பெண்ணுக்கு நான்தான் எண்ணெய் தடவி, பின்னி, ரிப்பன் கட்டி யூனிஃபார்ம் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். அப்போதும் கேட்பார்கள், "யாரும்மா வளர்த்தாங்க?" என்று. அதற்குத்தான் இன்றைக்கு விவரமாகப் பதில் சொல்லப் போகிறேன்.

வளர்த்த விதம்

குழந்தை வளர்ப்பு என்றாலே இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது என்று நாம் நினைக்கிறோம். என்னால் குழந்தையை வைத்துக்கொண்டு எழுந்து நிற்க முடியாது. இரண்டு கையும் கட்டைக்குப் போய்விடும். அதனால் குழந்தை என் உயரத்துக்கு வரவேண்டும் என்று முடிவு செய்தோம். கட்டில் வேண்டாம், பாய்தான். தூளியை எல்லோர் வீட்டிலும் போல உயரத்தில் கட்டாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும்படி கொக்கியிலிருந்து கயிற்றை நீளமாக விட்டோம். அடியில் பழைய மெத்தை. உட்கார்ந்தபடியே குழந்தையை உருட்டி மடிக்கு எடுத்துக்கொள்வேன்.

குளிப்பாட்டுவதற்குப் பாட்டிமார்கள் காலை நீட்டி, காலின் மேல் குழந்தையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். என் கால் மெலிந்த கால், குழந்தை நழுவிவிடும். அதனால் காலின் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணைகட்டி வைத்துக்கொண்டேன். தண்ணீரை மட்டும் யாராவது விளாவிப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். ஊற்றுவது நான், தேய்ப்பது நான், துவட்டிச் சாம்பிராணி காட்டுவதும் நான்.

ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக, போர்வையை நாலாக மடித்து அதில் குழந்தையைப் படுக்க வைத்து, முன்னால் இழுத்துக்கொண்டே நகர்வேன். குழந்தை தவழ ஆரம்பித்ததும் எனக்குச் சுலபமாகிவிட்டது. இரண்டு பேரும் தரையில்தானே! சமையல்தான் பயம். தரையோடு தரையாக அடுப்பு வைத்துச் சமைக்கிறவர்களுக்குத் தவழும் பிள்ளையைவிடப் பெரிய கவலை கிடையாது. அதனால் குழந்தை தூளியில் தூங்கும் நேரத்தில் மட்டும்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன். சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடிவிட்டு, சமையல்கட்டு வாசலில் பலகையைக் குறுக்கே வைத்துவிடுவேன்.

நடக்க ஆரம்பித்தபோது கொலுசு போட்டேன். அழகுக்கு இல்லை, சத்தத்துக்கு. கண் தெரியாத தாய்மார்களும் இதைச் செய்வார்கள். சத்தம் எங்கே போகிறது என்று காது பார்த்துக்கொள்ளும். அதைவிட முக்கியமானது ஒரு வார்த்தை: "நில்லு." என்னால் ஓடிப் பிடிக்க முடியாது. அதனால் ஒரு வயதிலிருந்தே விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தேன். நான் கை தட்டினால் ஓட வேண்டும், "நில்லு" என்றால் சிலை மாதிரி நிற்க வேண்டும். நின்றால் ஒரு முத்தம். அந்த வார்த்தையை வேறு எதற்கும் உபயோகிக்க மாட்டேன், கோபத்திலும் சொல்ல மாட்டேன். ஆர்.கே.மடம் சாலையில் போகிற போக்கைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரோட்டில் என் பிள்ளைகள் ஒருநாளும் கையை உதறிக்கொண்டு ஓடியதில்லை. ஒரு கை என் கட்டையைப் பிடித்திருக்கும்.

இதெல்லாம் நான் மட்டும் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில் 1982இல் இதற்காகவே "த்ரூ த லுக்கிங் கிளாஸ்" என்று ஒரு அமைப்பு ஆரம்பித்திருக்கிறார்கள் என்று. உடல் ஊனமுற்ற தாய் தகப்பனுக்கு ஏற்றபடி தொட்டில், குழந்தை சாமான்கள் எல்லாம் வடிவமைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கவனித்து எழுதியதில் ஒரு விஷயம் என் மனதில் நின்றுவிட்டது. கைக்குழந்தைகள்கூடத் தாயின் உடம்பைப் புரிந்துகொண்டு ஒத்துழைக்கின்றன. தாய் தூக்கச் சிரமப்படும்போது பூனைக்குட்டி மாதிரி உடம்பைச் சுருக்கிக்கொள்கின்றன. மற்றவர் தூக்கினால் உதைக்கிற குழந்தை, அம்மா கையில் அடங்கி இருக்கும். என் பையன் அப்படித்தான். மாமியார் கையில் மீன் மாதிரித் துள்ளுவான், என் மடியில் பேசாமல் கிடப்பான்.

தூக்குவதும் தேற்றுவதும்

இப்போது இன்றைய பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதை மட்டும் மறக்காமல் குழுவுக்குக் கொண்டுபோங்கள்.

என் பெண் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, அவள் அழுதால் அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் ஓடி வருவார்கள். நல்ல மனசுதான். "நீ இரும்மா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்து, அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார்கள். அழுகை நின்ற பிறகு கொண்டுவந்து விடுவார்கள். கொஞ்ச நாளில் என்ன ஆனது தெரியுமா? குழந்தை விழுந்தால் என்னைத் தேடவில்லை. தூக்குகிறவர்களைத் தேடியது. நான் கையை நீட்டியிருப்பேன், அது வாசலைப் பார்த்து அழும். நான் பத்து மாதம் சுமந்தவள், பால் கொடுக்கிறவள். அன்றைக்கு என் வீட்டிலேயே நான் வேடிக்கை பார்க்கிறவளாக உட்கார்ந்திருந்தேன்.

மாமியாரிடம் சொன்னேன். "அத்தே, தூக்குறது நீங்க, தேத்துறது நான்." அவருக்கு உடனே புரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். குழந்தை எங்கே விழுந்தாலும் யார் தூக்கினாலும் நேராக என் மடியில் கொண்டுவந்து விட வேண்டும். ஊதி விடுவது, கண்ணைத் துடைப்பது, "எந்தக் கல்லு தடுக்கிச்சு?" என்று கேட்பது நான். அக்கம்பக்கத்திலும் சொல்லி வைத்தார். ஒரு மாதத்தில் குழந்தை விழுந்தால் என் பக்கமே தவழ்ந்து வந்தது.

உதவியில் இரண்டு விதம் இருக்கிறது, சகோதரிகளே. தாய் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்கிற உதவி ஒன்று. தாய் கைக்குக் குழந்தையை எட்ட வைக்கிற உதவி இன்னொன்று. அறுபத்து மூவர் திருவிழா அன்றைக்கு மயிலாப்பூர் மாட வீதியில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பெண்ணுக்கு நாலு வயது. "அம்மா, தூக்கு, சாமி தெரியல" என்கிறாள். வீட்டுக்காரர் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், என்னைப் பார்த்து, "நான் தூக்கிக் காட்டட்டுமா?" என்று கேட்டார். என்னைக் கேட்டார். குழந்தையைத் தூக்கினார், பல்லக்கு போனதும் இறக்கி என் பக்கத்திலேயே விட்டார். "அம்மாகிட்ட சொல்லு, என்னென்ன பார்த்தேன்னு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா பெயர் எனக்குத் தெரியாது. உதவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பிள்ளை ஊன்றுகோல் இல்லை

இன்னொரு பக்கமும் பேச வேண்டும். எங்களைப் போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, "நீதான் அம்மாவுக்குக் கால், நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் சொல்வார்கள். பாராட்டுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தச் சின்னத் தோளில் அது எவ்வளவு பெரிய மூட்டை!

நான் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் செய்கிற வேலையை என் பிள்ளைகளும் செய்யலாம். குடத்தில் தண்ணீர் பிடிக்கலாம், கடைக்குப் போகலாம், வீடு கூட்டலாம். பெண்ணுக்கு என்ன வேலையோ அதேதான் பையனுக்கும். ஆனால் எனக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடக்கூடாது. பென்ஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, ரேஷன் கடைக்கு என்னைக் கூட்டிப்போவது பிள்ளை வேலை இல்லை. அதற்கு வீட்டுக்காரர் இருக்கிறார், குழு இருக்கிறது, பக்கத்து வீடு இருக்கிறது. யாரும் இல்லாவிட்டால் நான் நாளைக்குப் போய்க்கொள்கிறேன். மாற்றுத்திறனாளிகள் சுயமாகப் போய்வர அரசு பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுக்கிறது. தகுதி உள்ளவர்கள் மனுப் போட வேண்டும். நமக்கு வண்டி கிடைத்தால் நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கிறது என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்கு வெட்கம் வரும் வயது ஒன்று உண்டு. என் பையன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, "அம்மா, நீ மீட்டிங்குக்கு வராதே" என்றான். ஏன் என்றால் பதில் இல்லை. நான் அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. உட்கார வைத்து, "உன் பிரெண்ட்ஸ் என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். என்னை மாதிரி நடந்து காட்டுகிறார்களாம். "உங்க அம்மாவுக்கு என்னன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றேன். தெரியவில்லை. அன்றைக்குத்தான் போலியோ என்றால் என்ன, காலிப்பர் எதற்கு, கிளிப் எப்படிப் போடுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிக் காட்டச் சொன்னேன், பூட்டினான். அடுத்த மீட்டிங்குக்கு அவனே கூப்பிட்டான். பிள்ளைகளுக்குப் பதில் தெரியாததால்தான் வெட்கம் வருகிறது. நாம் மறைத்தால் அவர்களும் மறைப்பார்கள்.

அந்தப் பள்ளியில் வகுப்பு இரண்டாவது மாடியில். மீட்டிங் என்றால் நான் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற வேண்டும். ஒரு தடவை ஏறினேன். அடுத்த தடவை, கீழே ஆபீஸ் அறையில் பார்க்க முடியுமா என்று கேட்டுக் கடிதம் எழுதினேன். டீச்சர் கீழே வந்தார். பத்து நிமிஷ வேலை, யாருக்கும் செலவில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் மாறினால் தாய்க்கும் வழி பிறக்கும்

என் பிள்ளைகள் சின்ன வயதில் மெரினாவுக்குப் போனால், அவர்கள் அப்பாவோடு அலையில் விளையாடுவார்கள், நான் ரோட்டோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மணலில் கட்டை புதையும். 2022 நவம்பர் 27ஆம் தேதி விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரி செய்தார்கள். அந்தப் பாதையில் வீல் சேரில் போய் முதல் தடவையாக அலையைப் பக்கத்தில் பார்த்தபோது நான் நினைத்தது என்னைப் பற்றி இல்லை. இனிமேல் குழந்தை பெறுகிற தாய்மார்கள் பிள்ளையோடு இங்கே வரலாமே என்றுதான் நினைத்தேன். 2024 ஆகஸ்டில் மாநகரப் பேருந்துகளில் புதிய தாழ்தள பஸ்கள் ஓட ஆரம்பித்ததும் இதே மாதிரிதான். இருபது வருஷமாக நான் கடலுக்குப் போகாமல் இருந்ததற்குக் காரணம் என் கால் இல்லை, பாதை இல்லாததுதான்.

கொல்கத்தாவில் ஜீஜா கோஷ் என்று ஒரு பெண்மணி. மூளை முடக்குவாதம் உள்ளவர், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பாடுபடுகிறவர். 2012இல் அவரை ஒரு விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2016இல் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவரும் கணவரும் 2018இல் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். விமானத்தில் உட்காரவே தகுதி இல்லை என்று இறக்கிவிடப்பட்ட பெண், ஒரு குழந்தைக்குத் தாயானார். நம் சென்னையிலேயே டாக்டர் ஐஸ்வர்யா ராவ் இருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்தவர், குழந்தைகள் நல மருத்துவர், மாற்றுத்திறனாளிப் பெண்களுக்காகத் தங்குமிடம் ஆரம்பித்தவர். போலியோ வந்தவரிடம் ஊரார் குழந்தையைக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்கிறோம். அப்படியிருக்க, அவர் போன்ற ஒருத்தி தன் குழந்தையை வளர்ப்பாளா என்று எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்?

சட்டத்தில் நமக்கு இருப்பது

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. அதன் 23ஆவது பிரிவு, தாய் தகப்பனுக்கு ஊனம் இருக்கிறது என்ற காரணத்துக்காகக் குழந்தையைப் பிரிக்கக்கூடாது என்கிறது. 2016ஆம் வருஷச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்களின் பிழைப்புக்கும், கவனியுங்கள், "அவர்கள் பிள்ளைகளை வளர்ப்பதற்கும்" அரசுத் திட்டங்களில் உதவி இருக்க வேண்டும் என்கிறது. 37ஆவது பிரிவு, வீடு ஒதுக்கீட்டிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. இதற்கு 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்று வேண்டும்.

மத்திய அரசு வேலையில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை மாதாமாதம் குழந்தை வளர்ப்புப் படி கொடுக்கிறார்கள். 2008இல் 1,000 ரூபாயாக ஆரம்பித்தது, 2017இல் 3,000 ஆனது. கேரளாவில் மாத்ருஜோதி என்ற திட்டத்தில் மாற்றுத்திறனாளித் தாய்மார்களுக்கு இரண்டு வருஷம் மாதம் 2,000 ரூபாய் என்று வைத்தார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? முதல் இரண்டு வருஷம் அந்தத் தாய்க்கு இன்னும் இரண்டு கை தேவை என்று அரசாங்கமே ஒத்துக்கொள்கிறது. அந்தக் கைக்குக் காசு கொடுக்கிறது. "குழந்தையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடு" என்று சொல்லவில்லை. ஆபீசில் வேலை பார்க்கும் தாய்க்கு ஒரு நியாயம், பூக்கட்டும் தாய்க்கு ஒரு நியாயமா? இதை நம் கூட்டமைப்பு மனுவாக எழுதிக் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அலுவலகம் தூரத்தில் இல்லை, காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில்தான் இருக்கிறது.

இப்போது நம் முன்னால் இருப்பது

கடைசியாக ஒரு விஷயம். அவரைக் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல் பேசுகிறேன். நம் குழு ஒன்றில் ஒரு தங்கை ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கிறார். விபத்தில் ஒரு கால் போனவர். பிரசவம் ஆனதும் குழந்தையைத் திண்டிவனத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், மூன்று வயது ஆனதும் கூட்டிவரலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அவரை யாரும் கேட்கவில்லை. அந்த நாத்தனார் கெட்டவர் இல்லை, வீட்டுக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை. பயம்தான். ஆனால் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று அங்கன்வாடியில் சொல்கிறோமே, அந்தப் பால் திண்டிவனத்தில் எங்கே இருக்கிறது? மூன்று வருஷம் கழித்து வருகிற குழந்தை யாரைப் பார்த்து "அம்மா" என்று சொல்லக் கற்றுக்கொண்டு வரும்?

நாம் போய் சண்டை போட வேண்டாம். நாலு பேர் போய் உட்கார்ந்து பேசுவோம். நாத்தனார் மூன்று மாதம் இங்கே வந்து இருக்கட்டும் என்று சொல்வோம். அதற்குப் பிறகு நம் குழுவில் ஆளுக்கு ஒரு மணி நேரம் முறை வைத்துப் போகலாம். தண்ணீர் பிடித்து வைக்க ஒருத்தர், தடுப்பூசிக்குக் கூடப் போக ஒருத்தர். தூளியைத் தாழ்த்திக் கட்ட நான் வருகிறேன். பேச்சு கேட்காமல் கட்டாயப்படுத்தினால் இலவசச் சட்ட உதவி இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது உரிமை. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

இந்தக் கூட்டத்தில் நான்கு தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, மாற்றுத்திறனாளி உறுப்பினர் கர்ப்பமானால் ஏழாவது மாதத்திலேயே குழு அவர் வீட்டுக்குப் போய், என்ன தேவை என்று அவரிடமே கேட்க வேண்டும். இரண்டு, காலிப்பர் பழுது, வீல் சேர், தாழ்வான சமையல் மேடை இவற்றுக்கும் உள்கடன் உண்டு என்று எழுதி வைக்க வேண்டும். மூன்று, குழுக் கூட்டங்கள் தரைத்தளத்தில்தான் நடக்க வேண்டும். நான்கு, குழந்தை வளர்ப்புப் படி கேட்டு அரசுக்கு மனு.

ஐந்தாவது தீர்மானத்தை நோட்டில் எழுத முடியாது, மனதில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற ஒரு தாயின் குழந்தை அழுதால் தாராளமாக ஓடி வாருங்கள், தூக்குங்கள். தூக்கி எங்கள் மடியில் வையுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.